ரப்பர் விதை எண்ணெயைப் பெரிய அளவில் எடுப்பது எப்படி: குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

குலசேகரம், திருவட்டாறு, அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், அங்குள்ள ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும், சுயஉதவிக் குழுக்களுக்கும் இதை எழுதுகிறேன். ரப்பர் கொட்டையைப் பொறுக்கி எண்ணெய் எடுத்து சோப்பு, பெயின்ட் ரெசின், தோல் பதனிடும் எண்ணெய் செய்பவர்களுக்கு விற்க நினைப்பவர்கள் எல்லோரும் படிக்கலாம். மூட்டைக் கணக்கில் செய்வதை டன் கணக்குக்குக் கொண்டுபோகும்போது எங்கே தடுக்கிறது, எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிறது.

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் எக்ஸ்பெல்லர், அதாவது விதையை அழுத்தி எண்ணெய் பிழியும் இயந்திரம், வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது. இந்தத் தொழிலில் லாபத்தையும் நட்டத்தையும் முடிவு செய்வது எண்ணெயின் அமிலத்தன்மை. அந்த அமிலத்தன்மை, விதை தரையில் விழுந்த பிறகு வரும் இரண்டு மூன்று நாட்களில் தீர்மானமாகிவிடுகிறது. நம் மாவட்டத்தில் விதை விழுவது பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களும் அவையே. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கும் வரிசையில் அமைந்தவை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மே மாதக் கடைசிக்குள் இவையெல்லாம் தயாராக வேண்டும்: கூரையுள்ள, தரை உயர்ந்த ஓர் இடம், விறகு அல்லது விதையின் தோடு எரித்து இயங்கும் உலர்ப்பான், நூறு கிலோ நிறுக்கும் தராசு, கிராமை இரண்டு தசமம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு, அமிலச் சோதனைக்கான சில கண்ணாடிப் பொருட்கள், சணல் சாக்குகள், இவற்றோடு இரண்டு மாதக் கூலிக்கான ரொக்கம்.

ரொக்கத்தைக் கடைசியில் சொன்னாலும் அதுவே முதலில் தீரும். பொறுக்குபவர்களுக்கு அன்றன்றைக்குப் பணம் கொடுக்க வேண்டும். எண்ணெய் விற்ற பணம் நம் கைக்கு வர வாரங்கள் ஆகும். நடுவில் பணம் நின்றால் பொறுக்குபவர்களும் நின்றுவிடுவார்கள், விதை தரையிலேயே கெடும்.

அமைப்பு வடிவம் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஊரில் ஏற்கெனவே ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் இருந்தால் அதன் ரப்பர் ஷீட் சேகரிப்பு மையத்தையே விதை மையமாக்கலாம். எடை போடவும் கணக்கு எழுதவும் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்வதானால் குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் வேண்டும். உலர்ப்பான், கிடங்கு போன்ற அறுவடைக்குப் பிந்தைய வசதிகளுக்கு வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. அது இப்போதும் கிடைக்கிறதா, உங்கள் திட்டம் அதில் அடங்குமா என்பதை வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கட்டடம் எழுப்பக் கூடாது.

2. வாங்குபவரை முதலில் பிடியுங்கள்

இந்த எண்ணெயை யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து நீங்கள் செய்ய வேண்டிய வேலையே மாறும்.

ரப்பர் விதை எண்ணெயில் லினோலிக் அமிலம் சுமார் 35 முதல் 40 சதவீதம், லினோலெனிக் அமிலம் ஏறக்குறைய 20 சதவீதம் இருக்கும். எண்ணெய் காற்றில் எவ்வளவு இறுகும் என்று காட்டும் அயோடின் எண் 130-க்கு மேல் வரும். அதாவது இது ஓரளவு உலரும் எண்ணெய். மெல்லிய படலமாகப் பூசினால் காற்றுபட்டு இறுகும். பெயின்டுக்கான ஆல்கைட் ரெசினில் ஆளிவிதை எண்ணெய்க்குப் பதிலாக இதைச் சேர்க்க முடிவது இந்தக் குணத்தால்தான். பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் எபாக்சி எண்ணெயாக மாற்றவும் இதே குணம் உதவுகிறது.

ரெசின் செய்பவர் அமிலம் குறைவாகவும் நிறம் வெளிறியும் இருக்க வேண்டும் என்பார். சோப்புக்காரருக்கு அமிலம் பெரிய தொல்லை இல்லை, எப்படியும் காரம் சேர்க்கத்தான் போகிறார். ஆனால் நிறம் கறுத்தால் விலையைக் குறைப்பார். தனியாகக் காய்ச்சினால் சோப்பு குழைவாக வரும் என்பதால் மற்ற கொழுப்புகளோடு கலந்துதான் பயன்படுத்துவார். பயோடீசலுக்கு என்றால், கட்டற்ற கொழுப்பமிலம் (அமிலம் என்று இங்கே சொல்வதெல்லாம் இதைத்தான்) 2 சதவீதத்தைத் தாண்டினால் நேரடியாகக் காரம் சேர்த்து மாற்ற முடியாது, சோப்பு திரண்டுவிடும். 17 சதவீத அமிலம் உள்ள ரப்பர் விதை எண்ணெயை முதலில் அமில வினையிலும் பிறகு கார வினையிலும் மாற்றும் இரண்டு கட்ட முறையைக் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக (என்.ஐ.டி.) ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்டார்கள். முறை இருக்கிறது என்றாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் செலவு உண்டு. முதல் ஆண்டிலேயே டீசலைக் குறிவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு மூன்று வாங்குபவர்களிடம் நேரில் போய் நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: அமிலம் எத்தனை சதவீதம் வரை ஏற்பார், அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு கழிப்பார், ஈரமும் கசடும் எவ்வளவு வரை போகலாம், ஒரு தடவைக்குக் குறைந்தது எவ்வளவு எடுப்பார். கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. டேங்கர் அளவில் மட்டுமே எடுப்பவரிடம் நான்கு பீப்பாயோடு போய் நின்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

3. விதை எவ்வளவு கிடைக்கும்: கணக்கைத் தாளில் போடுங்கள்

ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ விதை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மரம் தருவது. நம் சாக்குக்கு வருவதில்லை. ஓடையில் போவது, புதருக்குள் கிடப்பது, மழையில் முளைப்பது எல்லாம் கழித்து அதில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

100 கிலோ பச்சை விதையைக் காயவைத்தால் 75 முதல் 80 கிலோ நிற்கும். தோட்டை நீக்கினால் பருப்பு 42 கிலோ அளவுக்கு வரும். பருப்பில் 40 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் இருந்தாலும் புண்ணாக்கில் கொஞ்சம் தங்கிவிடும். கைக்கு வருவது 15 கிலோ என்று வையுங்கள். ஆக, ஒரு கிலோ எண்ணெய்க்கு ஆறரை முதல் ஏழு கிலோ பச்சை விதை தேவை.

பேரம் பேசும்போது இந்த எண் மனதில் இருக்க வேண்டும். விதைக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் எண்ணெயின் அடக்கவிலையில் ஏழு ரூபாய் ஏறும். போட்டிக்கு விதை விலையை ஏற்றிவிட்டு, பிறகு எண்ணெய் விற்கும்போது விழிப்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்யாதவர்கள்.

200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் சுமார் 184 கிலோ எண்ணெய் பிடிக்கும். அதற்கு ஒன்றேகால் டன் பச்சை விதை வேண்டும். ஹெக்டேருக்கு 75 கிலோ பொறுக்கினால் 16 ஹெக்டேர், அதாவது 40 ஏக்கர். இரண்டு ஏக்கர்காரர்கள் நிறைந்த நம் ஊரில் ஒரு பீப்பாய்க்கு இருபது குடும்பத்தின் தோட்டம். 10 டன் டேங்கர் நிரப்ப 2,000 ஏக்கருக்கு மேல் வேண்டும். பெரிய அளவு என்பது இங்கே பெரிய ஆலையைக் குறிப்பதில்லை, நிறைய சிறு தோட்டங்களைக் கோத்து நடத்துவதைக் குறிக்கிறது. முதல் ஆண்டில் 5 டன் பச்சை விதை, நான்கு பீப்பாய் எண்ணெய் என்று குறி வையுங்கள். வேலை பழக அது போதும்.

4. ஜூனில் மரத்தை அண்ணாந்து பாருங்கள்

காய் பிடித்திருக்கிறதா என்று ஜூன் தொடக்கத்தில் தோட்டம் தோட்டமாகப் பார்க்க வேண்டும். பைட்டோப்தோரா பூசணம் தாக்கினால் காய் மரத்திலேயே அழுகும். மழைக்கு முன் போர்டோ கலவை என்ற பூசணக்கொல்லி தெளித்த தோட்டத்தில் காய் தப்பும், தெளிக்காத தோட்டத்தில் போகலாம். போன ஆண்டு நிறைய கொடுத்த தோட்டம் இந்த ஆண்டும் கொடுக்கும் என்று எண்ணி ஆள் ஒதுக்குவது பொதுவாக நடக்கும் தவறு.

தோட்டக்காரர்களிடம் அனுமதி பேசுவதும் இதே மாதத்தில்தான். மார்த்தாண்டம் பக்கம் தேன் பெட்டி வைக்கும் தொழிலாளர்களைத் துணைக்குக் கூப்பிடுங்கள். ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் தோட்டம் தோட்டமாகப் பெட்டி வைத்துப் பழகியவர்கள் அவர்கள். எந்தத் தோட்டக்காரர் சரி என்பார், எவர் பங்கு கேட்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலும் தனியார் எஸ்டேட்டுகளிலும் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கொட்டையைக்கூடத் தொடக் கூடாது. பொறுக்கப் போகும் பெண்களைத்தான் காவலர் பிடிப்பார், நம்மை அல்ல.

நாற்றங்கால்காரர்களும் இதே விதைக்கு வருவார்கள். முளைப்புத் திறன் ஒன்றிரண்டு வாரத்திலேயே போய்விடுவதால் அவர்களுக்கு அன்றன்றைக்கு விழுந்த பளபளப்பான விதை வேண்டும், அதற்கு நல்ல விலையும் தருவார்கள். அவர்களோடு போட்டி போடாதீர்கள். முதல் தரம் அவர்களுக்குப் போகட்டும், மீதி நமக்கு வரட்டும் என்று பொறுக்குபவர்களிடமே சொல்லிவிட்டால் எல்லோரும் பிழைக்கலாம்.

5. பொறுக்குதல்: மூன்று நாளுக்கு மேல் தரையில் கிடக்கக் கூடாது

வெயில் ஏறும் நேரத்தில் ரப்பர் காய் சட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். பால் வெட்டு முடிந்து பால் எடுத்த பிறகு, முற்பகலில் தோட்டத்துக்குள் நின்றால் அந்தச் சத்தம் அங்கங்கே கேட்கும். சத்தம் அடர்ந்து கேட்கத் தொடங்கினால் மறுநாளே ஆட்களை இறக்குங்கள்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை திரும்பிப் போக வேண்டும். ஈரத் தரையில் கிடக்கும் விதைக்குள் லிபேஸ் என்ற நொதி வேலை செய்து எண்ணெயை உடைத்துக் கட்டற்ற கொழுப்பமிலமாக மாற்றுகிறது. பொறுக்க எத்தனை நாள் தாமதிக்கிறோமோ அந்தளவுக்கு அமிலம் ஏறும். பிறகு எந்த இயந்திரம் வாங்கினாலும் அது இறங்காது. பருவம் முழுக்க விழட்டும், கடைசியில் ஒரே தடவையாகக் கூட்டி அள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் கையில் முளைத்ததும் அழுகியதும்தான் மிஞ்சும்.

மூடுபயிர் அடர்ந்த இளம் தோட்டங்களை விட்டுவிடுங்கள். கொடிக்குள் விதை தெரியாது, பாம்பு பயமும் உண்டு. தரை தெளிவாக இருக்கும் முதிர்ந்த தோட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் வரை பூட்ஸ், அட்டைக்கு உப்புப்பொட்டலம், தோளில் தொங்கவிட ஒரு வலைப்பை இவற்றை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் விதையைப் போட விடாதீர்கள். ஈர விதை மூச்சுவிடும், சூடாகும், ஓர் இரவிலேயே புளித்த வாடை வந்துவிடும்.

6. எடைக்கு மட்டும் கூலி கொடுக்காதீர்கள்

எடையை மட்டும் பார்த்தால் ஈர விதைக்கு அதிகப் பணம் போகும். நல்ல விதை கொண்டுவருபவரும் பழைய விதை கொண்டுவருபவரும் ஒரே கூலி வாங்கினால் அடுத்த வாரம் எல்லோரும் பழையதைக் கொண்டுவருவார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. விலை எதைக் கேட்கிறதோ அதைத்தான் மக்கள் தருவார்கள்.

மையத்திலேயே வெட்டுச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று கைவிட்டு 50 விதையை எடுத்து, உடைத்து, பருப்பை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். வெள்ளையும் பால்நிறமும் நல்லவை. மஞ்சளடித்தது இரண்டாம் தரம். பழுப்பும் கறுப்பும் கழிவு. நல்லவை 45-க்கு மேல் என்றால் முழு விலை, 35 முதல் 45 வரை என்றால் குறைத்து, அதற்குக் கீழே என்றால் தனிக் குவியல். இந்த எல்லைகளை உங்கள் வாங்குபவர் விலையில் கழிப்பதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சோதனையை விதை கொண்டுவந்தவரின் கண் முன்னால், அவரையே எண்ணச் சொல்லிச் செய்யுங்கள். உள்ளே கொண்டுபோய் எண்ணிவிட்டு வந்து விலை சொன்னால் மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

7. உலர்த்தல்: முதலீட்டின் பெரும்பங்கு இங்கே போக வேண்டும்

பச்சை விதையில் கால்வாசி ஈரம். அதை 7 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் நொதி ஏறக்குறைய ஓய்ந்துவிடும், பூசணமும் பிடிக்காது. அதற்கு மேல் எவ்வளவு ஈரம் இருந்தாலும் கிடங்கில் அமிலம் ஏறிக்கொண்டே இருக்கும். நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் லிபேஸ் செயலிழக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஊர் உலர்ப்பானில் எல்லா விதைக்கும் அந்தச் சூடு சீராக ஏறாது. ஆகவே ஈரத்தைக் குறைப்பதையே நம்புங்கள்.

உலர்ப்பானின் அளவை மொத்த விதையை வைத்துக் கணக்கிடக் கூடாது, உச்ச வாரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். 5 டன் விதையில் பாதி இரண்டு வாரத்துக்குள் வந்து குவியும். அப்படியானால் நாளொன்றுக்கு 180 கிலோ. ஒரு தடவை காய இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் ஒரே நேரத்தில் 540 கிலோ பிடிக்கும் உலர்ப்பான் வேண்டும். மொத்த விதையைப் பருவத்தின் நாட்களால் சராசரியாக வகுத்துச் சிறிய உலர்ப்பான் கட்டியவர்கள் ஆகஸ்டில் மூட்டையை வாசலில் அடுக்கிவைத்துத் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெயிலை மட்டும் நம்ப முடியாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வெயில் நன்றாக அடிக்கும், ஆனால் விதை கிடப்பது மலையடிவாரத்தில். பாலித்தீன் கூடார உலர்ப்பான் பகலில் உதவும். இரவுக்கும் மழை நாளுக்கும் நெருப்பு வேண்டும். தேங்காய்க் கொப்பரைக்குப் பயன்படும் விறகு உலர்ப்பான் இதற்குச் சரியாக வரும், ஆனால் அதை விதைக்கென்றே தனியாக வைக்க வேண்டும். காரணத்தைப் பத்தாம் படியில் சொல்கிறேன். எரிபொருளுக்கு அலைய வேண்டாம். காய்ந்த விதையின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தோடு, அது நன்றாக எரியும். முதல் வாரத்துக்கு மட்டும் விறகு இருந்தால் அதற்குப் பிறகு தோடே உலர்ப்பானை ஓட்டும்.

விதையைத் தோட்டோடு நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். காற்று 60 முதல் 70 டிகிரி இருக்கட்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள், கீழ்த்தட்டை மேலேயும் மேல்தட்டைக் கீழேயும் மாற்றுங்கள். 500 கிலோ பச்சை விதை காய்வதென்றால் 100 லிட்டர் தண்ணீராவது ஆவியாகி வெளியே போக வேண்டும். சூடு வீணாகிறதே என்று மேல் துவாரங்களை அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் விதை காயாது, வேகும். கூரையின் உள்பக்கம் நீர்த்துளி தொங்கினால் துவாரம் போதவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் காற்றோட்டம் அவசியம். ரப்பர் பருப்பில் லினமாரின் என்ற பொருள் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்து அது உடையும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். மரச்சீனிக்கிழங்கில் இருப்பதும் இதே பொருள்தான். மூடிய உலர்ப்பறைக்குள் யாரையும் படுக்கவோ உட்கார்ந்து வேலை செய்யவோ விடாதீர்கள். பருப்பைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததை அறிய இரண்டு வழி. ஒன்று காது. பச்சை விதையில் பருப்பு தோட்டை நிறைத்திருக்கும், சத்தம் வராது. காய்ந்து சுருங்கியதும் குலுக்கினால் உள்ளே உருளும். திருவட்டாறு பக்கத்து மையம் ஒன்றில் ஒரு மூத்த அக்கா ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்குவார். “இது கிலுங்கல்ல மக்களே, இன்னும் காயணும்” என்று சொல்லிவிட்டால் அந்தத் தட்டை யாரும் இறக்க மாட்டார்கள். இரண்டாவது வழி தராசு. 10 கிராம் பருப்பை நறுக்கி 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைத்து நிறுங்கள். 9.3 கிராமுக்குக் குறையாமல் நின்றால் ஈரம் 7 சதவீதத்துக்குள் இருக்கிறது. காது முதலில், தராசு உறுதிக்கு. காதை மட்டும் நம்பி மூட்டை கட்டக் கூடாது, ஏனென்றால் 12 சதவீத ஈரத்திலும் விதை கிலுங்கும்.

8. அமிலச் சோதனையை நீங்களே செய்யுங்கள்

இதைக் கற்றுக்கொள்ளாமல் எண்ணெய் விற்கப் போவது, தராசு இல்லாமல் மீன் விற்பது மாதிரி. வாங்குபவர் சொல்லும் எண்ணைத்தான் ஏற்க வேண்டியிருக்கும். வேதியியல் படித்த பிள்ளை ஒன்று ஊரில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

ஒரு கூம்புக் குடுவையில் 50 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலை எடுத்து, இரண்டு சொட்டு பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மிக வெளிறிய இளஞ்சிவப்புக்குக் கொண்டுவாருங்கள். ஆல்கஹாலில் இருக்கும் அமிலம் கணக்கில் சேராமல் இருக்கவே இது. பிறகு சரியாக 2.82 கிராம் எண்ணெயை அதில் விட்டு, லேசாகச் சூடாக்கிக் கலக்கி, பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து அதே கரைசலை விடுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்துங்கள். எத்தனை மில்லி செலவானதோ அத்தனை சதவீதம் கட்டற்ற கொழுப்பமிலம். 2.82 என்ற எடையே கணக்கு அப்படி நேராக வருவதற்காகத்தான். வாங்குபவர் அமில எண் கேட்டால் அந்தச் சதவீதத்தை இரண்டால் பெருக்குங்கள், ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

சுறுசுறுப்பாகப் பொறுக்கி உடனே காயவைத்த விதையின் எண்ணெய் 5 சதவீதத்துக்குள் நிற்கும். மழையில் கிடந்து மூட்டையில் புழுங்கிய விதை 20, 30 என்று போகும். இரண்டையும் ஒரே தொட்டியில் கலப்பதுதான் இந்தத் தொழிலில் நான் பார்த்ததிலேயே விலை உயர்ந்த தவறு. ஒரு பீப்பாய் கெட்ட எண்ணெய் மூன்று பீப்பாய் நல்ல எண்ணெயையும் சோப்பு விலைக்கு இழுத்துவிடும்.

9. தோடு நீக்கலும் கிடங்கும்

தோட்டை உடைப்பது காய்ந்த பிறகுதான். ஈரத்தோடு உடைத்தால் பருப்பு நசுங்கும், நொதியும் எண்ணெயும் கலக்கும், அமிலம் விறுவிறுவென ஏறும். உருளை இடைவெளியை விதையின் பருமனுக்குச் சற்றுக் குறைவாக வைத்து உடைத்து, காற்றில் தூற்றித் தோட்டைப் பிரித்தெடுங்கள்.

தோட்டை முழுவதும் நீக்கப் பாடுபட வேண்டாம். பருப்பு மட்டும் போனால் எக்ஸ்பெல்லருக்குள் களியாகிச் சுற்றும், பிடிமானம் இருக்காது. பத்தில் ஒரு பங்கு தோடு இருந்தால் அழுத்தம் பிடிக்கும். அதற்கு மேல் இருந்தால் தோடு எண்ணெயை உறிஞ்சும், எக்ஸ்பெல்லரின் திருகும் கூண்டும் சீக்கிரம் தேயும்.

சேமிப்பதானால் தோட்டோடு சேமியுங்கள். ஆட்டும் வாரத்துக்குத் தேவையானதை மட்டும் உடையுங்கள். சாக்குகள் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு சாக்கிலும் தேதியும் தரமும் எழுதுங்கள். அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கினால் காய்ந்த விதையும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஆகவே நல்ல தரத்தை முதலில் ஆட்டி முடித்துவிடுங்கள்.

10. ஆட்டுதல்: தேங்காய் எண்ணெய் செக்குப் பக்கமே போகாதீர்கள்

ரப்பர் விதை எண்ணெய் உண்ணத் தகாதது. இதை எந்தக் காரணத்துக்காகவும் கொப்பரை ஆட்டும் இயந்திரத்தில், கொப்பரை காயும் தட்டில், தேங்காய் எண்ணெய் தொட்டியில் சேர்க்கக் கூடாது. கழுவிவிட்டோம் என்பது போதாது. குமரியில் ஊருக்கு நாலு செக்கு இருப்பதால் கூலிக்கு ஆட்டித்தருகிறேன் என்று யாராவது முன்வருவார். மறுத்துவிடுங்கள். ஒருவர் சமையலறைக்குள் இந்த எண்ணெய் போய்விட்டால் அதற்கு ஈடு செய்ய எதுவுமில்லை.

முதல் ஆண்டில் எக்ஸ்பெல்லர் வாங்காமல், வேம்பு, புங்கம் போன்ற உண்ணாத எண்ணெய் ஆட்டும் ஆலையில் கூலிக்கு ஆட்டுங்கள். மாவட்டத்துக்கு வெளியே போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. தோடு நீக்கிய பருப்பாக அனுப்பினால் வண்டி வாடகை ஏறக்குறைய பாதியாகும். இரண்டு பருவம் விதை சீராக வருகிறது என்று உறுதியான பிறகு சொந்த இயந்திரம் வாங்கலாம்.

ஆட்டுமுன் பருப்பை மறுபடி லேசாகச் சூடேற்றி ஈரத்தை 5, 6 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். சூட்டில் எண்ணெய் இளகி எளிதில் பிரியும். வந்த எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, பிறகு வடிகட்டுங்கள். சூடாக இருக்கும்போதே பீப்பாயில் அடைத்தால் கசடு அடியில் தங்கி, வாங்குபவர் அடியிலிருந்து மாதிரி எடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

எண்ணெய் துடைத்த துணிகளைக் குவியலாக மூலையில் போடாதீர்கள். காற்றில் இறுகும் எண்ணெய்கள் இறுகும்போது சூட்டை வெளிவிடும். குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு அன்றே அப்புறப்படுத்துங்கள்.

11. பீப்பாயில் அடைத்தல்

பீப்பாய் உலர்ந்து, துருவில்லாமல் இருக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். மேலே காற்று நின்றால் எண்ணெயின் முகத்தில் தோல் படரும். செம்பு, பித்தளைக் குழாய்களும் வால்வுகளும் வேண்டாம், அவை எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். “உண்ணத் தகாதது, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும்” என்று தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதுங்கள். களியக்காவிளை தாண்டிப் போகும் வண்டிகள் உண்டு.

ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் இரண்டு மாதிரி எடுத்து, ஒன்றை வாங்குபவருக்கு அனுப்பி, ஒன்றை முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் அதிகம் என்று அங்கிருந்து போன் வந்தால் பேசுவதற்கு உங்கள் கையில் அந்தக் குப்பி இருக்க வேண்டும்.

12. புண்ணாக்கு

எண்ணெயைவிட எடையில் அதிகம் வருவது இது. விற்காமல் தேங்கினால் கிடங்கு நிறையும், மழையில் நாறும். புரதம் கால்வாசிக்கு மேல் இருப்பதால் மாட்டுத் தீவனமாக விற்கலாம் என்று பலரும் அவசரப்படுகிறார்கள். சயனைடு சோதனை செய்த சீட்டு இல்லாமல் ஒரு மாட்டுக்கும் கொடுக்க வேண்டாம். முதல் ஆண்டுகளில் உரமாகவே கொடுங்கள். சாணத்தோடு மக்கவைத்து நேந்திரன் வாழைக்கும் தென்னைக்கும் போடலாம். விதை கொடுத்த தோட்டக்காரருக்கே ஒரு பங்கு உரம் திரும்பப் போனால் அடுத்த ஆண்டு அனுமதி கேட்பது எளிதாகும்.

13. இயந்திரம் சும்மா கிடக்கும் மாதங்களுக்குப் புன்னை

சொந்த எக்ஸ்பெல்லர் வாங்கியபின் ஆண்டில் பாதிக்கு மேல் அது சும்மா நிற்கும். கடன் தவணை நிற்காது. கடற்கரை ஊர்களிலும் குளக்கரைகளிலும் புன்னை இருக்கிறது. காய்ந்த பருப்பில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய்.

ஆனால் ரப்பர் விதையில் பழகிய கை புன்னையில் தடுமாறும், ஏனென்றால் உலர்த்தும் முறை நேர் எதிர். புதிய புன்னைப் பருப்பு வெளிறி இருக்கும், பிழிந்தால் எண்ணெய் வராது. தோட்டை உடைத்துப் பருப்பை மெதுவாக, ஒன்று இரண்டு மாதம் காயவைத்தால் சிவந்து கறுத்துப் பிசுபிசுக்கும். அப்போதுதான் எண்ணெய் கூடும். ரப்பர் விதைக்குச் செய்வதுபோல் மூன்று நாளில் 70 டிகிரியில் காயவைத்து எடுத்தால் இயந்திரத்தில் வெறும் தூள்தான் வரும். பிசின் அதிகம் என்பதால் தெளியவிடும் தொட்டியும் தனியாக வேண்டும், வடிகட்டும் துணியும் அடிக்கடி அடைக்கும்.

புதிதாகப் புன்னை நடுவதானால் ஓடைக்கரை, குளக்கரை, கடலோரப் புறம்போக்குகளில் உள்ளாட்சியின் அனுமதியோடு நடுங்கள். ரப்பரையும் தென்னையையும் வெட்டிவிட்டு எண்ணெய் மரம் நட யாரையும் தூண்டாதீர்கள். காய்க்கப் பல ஆண்டு ஆகும், அதுவரை அந்தக் குடும்பத்துக்கு வருமானம் இருக்காது. நடுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் புன்னை மரங்களின் பட்டியல் ஒன்றை எடுங்கள்: மரம் நிற்கும் இடம், உரிமையாளர், காய் விழும் மாதம். காய் விழும் காலம் இடத்துக்கு இடம் மாறுவதால் இந்த மூன்றாவது விவரத்தைப் பூர்த்தி செய்ய ஒரு முழு ஆண்டு ஆகும். எக்ஸ்பெல்லருக்குக் கடன் விண்ணப்பம் எழுதுமுன் அந்தப் பட்டியல் முடிந்திருக்க வேண்டும்.